எல்லைப்புறத் தமிழும் நுண்ணுயிரியல் கலைச்சொற்களும்

1. முன்னுரை

கலைச்சொல் ஒன்றை மதிப்பிடுவோர், அது மூலச்சொல்லின் பொருளைத் தருகிறதா, தமிழின் சொல்லமைப்புக்கு இயைகிறதா என்னும் இரண்டையே பெரும்பாலும் நோக்குகின்றனர். அச்சொல்லைக் கேட்கும் நோயாளி என்ன பொருள் கொள்கிறார் என்பது அருகியே ஆராயப்படுகிறது. செவிலியர், ஆய்வக உதவியாளர், ஆஷா பணியாளர் ஆகியோர்க்குரிய நுண்ணுயிரியல் சொற்களில் இக்குறை மொழிக்குறையாக மட்டும் நின்றுவிடாது. மருந்து உட்கொள்வதிலும் நோய்த்தடுப்பிலும் பிழைக்கு இடம் தரும். தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து வழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்கள் இதனைச் சோதித்தறிய ஏற்ற களமாகும்.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்தது. மொழி எல்லை அவ்வாறு அமையவில்லை. 1951இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு இருபுறத்துத் தமிழரும் செல்கின்றனர். ஆகவே ஒரே சொல் இருமொழிப் பின்னணியில் கேட்கப்படுகிறது.

2. வெளிப்படும் பிழையும் மறைந்து நிற்கும் பிழையும்

ஒலியால் ஒத்துப் பொருளால் வேறுபடும் சொற்கள் இவ்விரு மொழிகளிலும் பல. மலையாளத்தில் பனி என்பது காய்ச்சல். பழுப்பு என்பது சீழ். எலிப்பனி என்னும் தொடரைத் தமிழ் மட்டும் அறிந்தவர் கேட்பின் மயங்குவார். ஆயினும் அம்மயக்கம் நீடிப்பதில்லை. எலிக்கும் பனிக்கும் தொடர்பில்லையாதலின் உடனே விளக்கம் கேட்பார். எலிக்காய்ச்சல் என்று அறிந்துகொள்வார். இரு பொருள்களும் தொலைவில் நிற்கும்போது பிழை தானே வெளிப்படும்.

பொருள்கள் நெருங்கி நிற்கும் சொற்களே இடர் தருவன. கிருமி என்பது இன்றைய தமிழில் கண்ணுக்குப் புலனாகாத நோயுயிர். மலையாளத்தில் அது பெரும்பாலும் குடற்புழு. வடமொழி மூலப்பொருளும் புழுவே. வைணவ மரபில் வழங்கும் கிருமிகண்ட சோழன் என்னும் பெயரில் தமிழும் அப்பழம்பொருளைப் போற்றி வைத்துள்ளது. மறுபுறம், நோயுயிரைக் குறிக்க மலையாளம் அணு என்பதைப் பயன்படுத்துகிறது. அணுபாத, ரோகாணு, அணுநாசினி என்பன அதன்வழி வந்தவை. தமிழில் அணு இயற்பியற் சொல்லாகவே நிலைத்துவிட்டது.

இதன் விளைவு எளிதில் உணரத்தக்கது. கிருமிக்கு மருந்து என்று உதவியாளர் கூறும்போது, மலையாளப் பழக்கமுடையவர் குடற்புழு மருந்தென்று கொள்ளக்கூடும். 2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை பிள்ளைகளுக்கு வழங்கப்படுகிறது. அதனை உண்ட பிள்ளைக்குக் கிருமி மருந்து ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று தாய் கருதினால், அக்கருத்தில் தவறு காண ஏதும் இல்லை. மருத்துவத்தில் தவறு உண்டு. புழுவும் மருந்தோடு தொடர்புடையதே ஆதலின், இருவரும் தமக்குள் உடன்பட்டதாகவே எண்ணிப் பிரிவர்.

3. சொற்பட்டியலின் குறை

இக்குறை எல்லைப்புறத்துக்கு மட்டும் உரியதன்று. நுண்ணுயிர்க்கொல்லி என்னும் சொல் இதற்குச் சான்று. நுண்ணுயிர் என்னும் தலைப்பில் பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை ஆகிய மூன்றும் ஒருங்கே கற்பிக்கப்படுகின்றன. அவ்வாறாயின் நுண்ணுயிர்க்கொல்லி வைரஸையும் ஒழிக்கும் என்பதே சொல் தரும் பொருள். பாக்டீரியாவுக்கு எதிரான அம்மருந்து வைரஸிடம் செல்லாது. சளிக்காய்ச்சலுக்கு அம்மருந்தை வற்புறுத்திக் கேட்பவருக்குச் சொல்லே துணைநிற்கிறது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே ஆக்கப்பட்டமையும், தொகுதியாக வைத்துச் சோதிக்கப்படாமையும் இதற்குக் காரணம்.

2024 சூலை, ஆகத்து மாதங்களில் நெய்யாற்றின்கரைப் பகுதியில் குளத்தில் குளித்த இளைஞர் சிலர் அமீபாவால் நேரும் மூளைநோய்க்கு உள்ளாயினர், ஒருவர் உயிரிழந்தார். தமிழில் இதனை மூளைக்காய்ச்சல் என்றால், கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலே பலர் நினைவுக்கு வரும். தொற்று என்றால், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பற்றுவது என்னும் பொருள் முன்னிற்கும். நோயுயிர் உடலுக்குள் புகுதலையும் அது பிறருக்குப் பரவுதலையும் தொற்று என்னும் ஒரே சொல் சுமக்கிறது. மலையாளத்தில் அணுபாத, பகர்ச்சவியாதி என இரண்டும் பிரிந்து நிற்கின்றன. இந்நோயோ கொசுவால் வருவதன்று. ஆளுக்கு ஆள் பரவுவதுமன்று. நீர் மூக்கின்வழிப் புகுதலால் வருவது. பழகிய இவ்விரு சொற்களையும் கேட்டவர் கொசுவுக்கும் நோயாளிக்கும் அஞ்சுவார், குளத்துக்கு அஞ்சமாட்டார்.

4. தீர்வு நோக்கி

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் வந்து 1873இல் திரும்பினார். காசநோய்ப் பாக்டீரியாவை ராபர்ட் காக் 1882இல் அறிவித்தார். எனவே கிரீனின் சொற்களை இத்துறைக்கு அப்படியே கொள்ள இயலாது. அவர் நெறி கொள்ளத்தக்கது. நூல் மொழிபெயர்ப்பும் கற்பித்தலும் அவரிடம் உடன்நிகழ்ந்தன. தமிழ்ச்சொல்லை நாடிய அவரே, தேவைப்பட்ட இடத்தில் கெமிஸ்தம் என்று பிறமொழிப் பெயரையும் தமிழுருவில் ஏற்றார்.

அந்நெறியில் மருத்துவ உதவியாளர்க்கான சொற்களை இருவகையாகப் பிரிக்கலாம். நோயுயிரின் பெயர்களான பாக்டீரியா, வைரஸ், அமீபா என்பன களியக்காவிளைக்கு இருபுறமும் ஒன்றே. அவற்றை ஏற்பது நலம். மாதிரி, அறிகுறி, செயல் ஆகியவை நோயாளியின் தமிழிலேயே இருத்தல் வேண்டும்: சளி, சீழ், கொதிக்கவைத்தல், கைகழுவுதல். உடலுக்குள் புகுதல், பிறருக்குப் பரவுதல் என்னும் இரண்டையும் வினைகொண்டு வேறுபடுத்திக் கூறலாம். பிறமொழிப் பெயரை விளக்க உதவியாளர் ஒரு தொடர் கூடுதலாகப் பேச நேரும் என்பது உண்மை. அச்சுமையைத் தவிர்க்கப் பழகிய சொல்லை நாடினால், மருந்தும் எச்சரிக்கையும் இடம் மாறிவிடும்.

சொற்பட்டியல் அச்சேறுமுன், அதனை நோயாளியிடம் சொல்லி, அவர் விளங்கிக்கொண்டதைத் திரும்பச் சொல்லக் கேட்டல் வேண்டும். அதற்குரிய இடம் பாறசாலையின் புறநோயாளர் பகுதி போன்றதேயாகும்.