கேசட்டுக்குள் ஒரு கருஞ்சிறுத்தை

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை என்றாலே பலருக்கும் லாரியாக மாறும் ஆப்டிமஸ் பிரைம்தான். எனக்கு சவுண்ட்வேவ் என்ற ரோபோ. மடித்துவிட்டால் அது ஒரு கையடக்க டேப் ரிக்கார்டர். பொத்தானை அழுத்தியதும் நெஞ்சுக் கதவு 'டக்'கென்று திறக்கும். உள்ளே குட்டி கேசட். அதைப் பிரித்தால் கால்கள் ஒவ்வொன்றாக விடுபட, தலை வெளியே திரும்ப, ராவேஜ் என்ற கருஞ்சிறுத்தை எழுந்து நிற்கும். அவ்வளவு மெல்லிய தகட்டுக்குள் ஒரு மிருகத்தைப் படுக்கவைக்க எத்தனை பொறுமை வேண்டும்!

ஜப்பானின் டகாரா நிறுவனம் வேறு பெயரில் செய்துவந்த பொம்மைகளைத்தான் 1984இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ புதுப்பெயர் சூட்டி விற்றது. 1996இல் வந்த பீஸ்ட் வார்ஸ் என்ற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் விலங்குகளே நாயகர்கள். பந்து மூட்டுகள் வழுக்கிச் சுழன்றன. அதுவும் அழகுதான். ஆனால் பெரிய பொம்மைகளின் பல்சக்கர மூட்டு 'கிடுக் கிடுக்'கென்று படிப்படியாக மடங்கும் சத்தத்துக்கு ஈடில்லை. நாலைந்து முறை மடித்தால் விரல்களுக்கே வழி பழகிவிடும். ஒன்று மட்டும்: திரும்ப மறுக்கும் பாகத்தை முறுக்காதீர்கள். பெரும்பாலும் முந்தைய மடிப்பில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கும்.