வவுச்சர் இல்லாத நட்சத்திரங்கள்

திண்டுக்கல் காமராஜர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் வெளியூர்க்காரர் கொஞ்ச வருடங்களுக்கு முன்பு வரை ஒரே ஒரு காரியம்தான் செய்வார். ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கும் யாரிடமாவது போய், ‘அண்ணே, பிரியாணி எங்கே நல்லாயிருக்கும்?’ என்று கேட்பார். அண்ணன் கையைக் காட்டுவார். அவ்வளவுதான். இப்போது அதே ஆசாமி அதே இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு செல்போனில் நட்சத்திரம் எண்ணுகிறார். ஒரு கடைக்கு 4.3. இன்னொரு கடைக்கு 4.1. கால்கள் தாமாக 4.3-ஐ நோக்கி நடக்கின்றன.

அந்தப் புள்ளி இரண்டு எங்கிருந்து வந்தது? யார் போட்டார்கள்? போட்டவர் அந்தக் கடையில் கை நனைத்தவர்தானா? யாரும் கேட்பதில்லை. பசி நேரம் வேறு.

ஆட்டோ அண்ணன் அரிச்சந்திரன் என்று சொல்ல வரவில்லை. ஆள் கொண்டுவந்து விட்டால் ஒரு டீயோ ஒரு பொட்டலமோ கொடுக்கிற கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அவருக்கு ஒரு முகம் இருக்கிறது. சாப்பாடு சரியில்லை என்றால் திரும்பிப் போய், ‘என்னண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்க’ என்று கேட்கலாம். நாளைக்கும் அவர் அதே ஸ்டாண்டில்தான் நின்றாக வேண்டும். சொன்ன சொல்லுக்கு அவரே ஜாமீன். செல்போனில் நட்சத்திரம் போட்டவருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

நான் படித்தது பி.காம். ஆடிட்டிங் பேப்பரில் ஆரம்பத்திலேயே வருகிற சமாசாரம் வவுச்சர். கணக்குப் புத்தகத்தில் ஒரு தொகை எழுதியிருந்தால் அதற்குப் பின்னால் ஒரு பில், ஒரு ரசீது, ஏதாவது ஒரு துண்டுக் காகிதமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கூட்டல் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஆடிட்டர் நம்ப மாட்டார். இணைய விமர்சனங்களில் கூட்டல் பிரமாதம். தசம ஸ்தானம் வரைக்கும் சுத்தம். பல இடங்களில் வவுச்சரைத்தான் காணோம்.

வவுச்சர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இதை அமெரிக்காவில் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். தங்கும் ஓட்டல்களைப் பற்றி மக்கள் விமர்சனம் எழுதும் இரண்டு இணையதளங்களை எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்பீடியாவில், அதன் மூலம் ரூம் எடுத்தவர்கள் மட்டுமே எழுதலாம். டிரிப் அட்வைசரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதே ஊர், அதே ஓட்டல்கள். பக்கத்திலேயே ஒரு போட்டி ஓட்டல், அதுவும் தனி முதலாளி நடத்துகிற ஓட்டல் இருந்தால், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இடத்தில் திட்டு அதிகமாக இருந்தது. ரூம் எடுத்தவர்கள் மட்டும் எழுதுகிற இடத்தில் அந்த அளவுக்கு இல்லை. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எதிர்க்கடைக்காரர் செல்போனை எடுக்கத் தெரிந்தவர்தானே!

லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் இதை இன்னும் வேடிக்கையாக நிரூபித்தார். பத்து பவுன்டு வாங்கிக்கொண்டு, போகாத ஓட்டல்களைப் பற்றி ஆஹா ஓஹோ என்று எழுதிக்கொடுத்த அனுபவம் அவருக்கு இருந்தது. 2017-ல் தான் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையையே ஒரு ஓட்டலாகப் பதிவு செய்தார். ஷேவிங் க்ரீமை வைத்துப் பலகாரம் மாதிரி படம் எடுத்துப் போட்டார். நண்பர்களை விட்டு விமர்சனம் எழுதச் சொன்னார். யார் போன் செய்தாலும் ‘இடம் இல்லை’ என்று சொன்னார். சில மாதங்களில் டிரிப் அட்வைசரின் லண்டன் பட்டியலில் அந்தக் கொட்டகைக்கு முதலிடம். அதுவரை அங்கே ஒரு தோசைகூட வார்த்ததில்லை!

‘சரி சார், அதெல்லாம் லண்டன். நம்ம ஊர்ல?’ என்பீர்கள். நம்ம ஊரில் பேரைத் திருடுவது இணையத்துக்கு முந்திய கலை. 1957-ல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்று ஒரு பிரியாணி ஓட்டல் ஆரம்பித்தார். அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையே கடைக்குப் பேராகிவிட்டது. தலப்பாக்கட்டி. நட்சத்திரம், ரேட்டிங் எதுவும் இல்லாமல் வாய்வார்த்தையாகவே பரவிய புகழ். பேர் பரவியதும் என்ன ஆயிற்று? அதே சாயலில் ஒலிக்கிற பெயர்ப் பலகைகள் முளைத்தன. சமாசாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அடுத்தவர் சம்பாதித்த பேரில் சாப்பிடுவது ஒரு வகை. சம்பாதிக்காத பேரைத் தானே எழுதிக்கொள்வது இன்னொரு வகை. வியாதி ஒன்றுதான்.

இந்தப் ‘பேரு’க்கு அக்கவுன்டன்சியில் குட்வில் என்று பெயர். அதில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. காசு கொடுத்து வாங்கிய குட்வில்லை மட்டுமே கணக்கில் சொத்தாகக் காட்டலாம். நாமாகச் சம்பாதித்ததைக் காட்டக் கூடாது. இணையத்தில் இது தலைகீழாக இருக்க வேண்டும். சம்பாதித்ததை மட்டும்தான் காட்டலாம், வாங்கியதைக் காட்டக் கூடாது. ஆனால் பார்க்கிறவருக்கு எது எது என்று தெரிவதில்லை. போதாக்குறைக்கு இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. ‘பிரியாணிக் கடையைப் பாராட்டி இருபது விமர்சனம், ஆளுக்கொரு நடையில்’ என்றால் பிழையில்லாத தமிழில் கொட்டுகிறது. பிழையோடு எழுதச் சொன்னால் அதையும் செய்கிறது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? சாப்பிட வந்தவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு வீண். அதோடு தீர்ந்தது. கடைக்காரர் கதை வேறு. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த மைக்கேல் லூகா, சியாட்டில் நகரத்து ஓட்டல்களின் வரவையும் அவற்றுக்கு யெல்ப் தளத்தில் கிடைத்த நட்சத்திரங்களையும் ஒப்பிட்டு 2011-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவிகிதம் கூடுகிறது என்றார். அதைவிட முக்கியமான ஒன்றும் சொன்னார். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பெரிய ஓட்டல்களை இந்த ஏற்ற இறக்கம் அசைக்கவே இல்லை. ஆடிப்போனது தனி ஆள் நடத்தும் கடைகள்தான்.

யோசித்தால் புரியும். பெரிய கம்பெனிக்கு விளம்பரம் இருக்கிறது, நம் ஞாபகத்தில் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கிறது. நாகல் நகரில் புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிற ஒரு மெஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே பதினாறு விமர்சனம்தான் இருக்கும். அதில் இரண்டு பேர், ‘பார்க்கிங் இல்லை’, ‘கூகிள் பே வேலை செய்யல’ என்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனால் சராசரி படுத்துவிடும். குழம்பு மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வண்டி அடுத்த கடைக்குத் திரும்பிவிடும். ஆயிரக்கணக்கில் விமர்சனம் உள்ள கடைக்கு இதே இரண்டு பேர் கொசுக்கடி.

சரி, பொய்களையெல்லாம் கழித்துவிட்டு நிஜமான விமர்சனங்களை மட்டும் எடுத்துக்கொண்டால்? அதிலும் ஒரு கோணல் இருக்கிறது. எழுதுகிறவர்கள் யார் என்று பாருங்கள். ரொம்பப் பிடித்தவர், ரொம்பக் கோபப்பட்டவர். ‘பரவாயில்ல’ என்று சாப்பிட்டுவிட்டுப் போனவர் எழுதுவதே இல்லை. அதனால்தான் வரைபடம் போட்டால் ஐந்து நட்சத்திரம் மலைபோல, ஒரு நட்சத்திரம் குன்றுபோல, நடுவில் பள்ளம். நிஜ வாழ்க்கையில் பாதிக் கடைகள் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கின்றன.

இன்னொரு கோணல், காலம். திண்டுக்கல் என்றால் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. கையால் ராவி, லீவர் வைத்துச் செய்கிற வேலை. இயந்திரத்தில் செய்து குவிக்கிற அலிகார் பூட்டின் விலையோடு மோதித் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு பூட்டுக்கு இணையத்தில் என்ன விமர்சனம் வரும்? ‘சொன்ன தேதியில் வந்தது. பேக்கிங் சூப்பர். ஐந்து நட்சத்திரம்.’ வாங்கிய அன்றைக்கு எல்லாப் பூட்டும் நல்ல பூட்டுதான் சார்! பத்து மழைக்காலம் தாண்டி, துரு ஏறி, அவசரத்தில் சாவியைப் போட்டுத் திருப்பும்போதுதான் அதன் குணம் தெரியும். அன்றைக்கு யார் இணையத்துக்குப் போய் எழுதுகிறார்கள்? சின்னாளபட்டி சுங்குடிச் சேலைக்கும் இதே கதிதான். பார்சலைப் பிரித்ததும் போட்டோ எடுத்து நட்சத்திரம் போடுகிறோம். சாயம் நிற்குமா என்பது முதல் சலவையில்தானே தெரியும்? சீக்கிரம் தெரிகிற விஷயங்களுக்குத்தான் விமர்சனம் நீதி செய்கிறது. நின்று உழைக்கிற பொருளைச் செய்கிறவனுக்கு அதில் மார்க் போட இடமே இல்லை.

சட்டம் சும்மா இருக்கிறதா என்றால், இல்லை. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, விற்கிறவரே வாங்கியவர் வேஷம் போட்டு விமர்சனம் எழுதக் கூடாது. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலையே கொண்டுவந்தது. எழுதுகிறவர் யார் என்று சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து எழுத வைத்ததை வெளியிடக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் வந்தபோது, ‘விருப்பப்பட்டவர்கள் கடைப்பிடிக்கலாம்’ என்ற அளவில்தான் வந்தது. அமெரிக்காவில் 2024 அக்டோபரில் இருந்து போலி விமர்சனத்தை விற்பதும் வாங்குவதும் அபராதத்துக்குரிய குற்றம்.

இவ்வளவும் சொன்னதால் விமர்சனமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. இதற்கு முன்னால் நமக்கு என்ன இருந்தது? கல்லாவில் போய்ச் சொன்னால் முறைப்பு. ஆபீஸ்களில் நூல் கட்டித் தொங்கவிட்ட புகார்ப் புத்தகம். நூல் இருக்கும், பேனா இருக்காது. சாதாரண மனிதன் நாலு பேர் பார்க்கத் தன் குறையைச் சொல்ல முடிகிறது என்பது பெரிய விஷயம். அந்த வாயை அடைக்கவும் ஆட்கள் உண்டு. 2000-ல் மும்பையில் ஆரம்பித்த மவுத்ஷட் என்ற விமர்சனத் தளம், எதிராக எழுதியதை நீக்கச் சொல்லி வந்த மிரட்டல்களைத் தாங்காமல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஷ்ரேயா சிங்கால் வழக்கோடு சேர்த்து 2015 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. யாரோ ஒரு நோட்டீஸ் அனுப்பினார் என்பதற்காகத் தளங்கள் எதையும் நீக்க வேண்டியதில்லை, கோர்ட்டோ அரசோ முறைப்படி உத்தரவிட்டால் போதும் என்று ஆயிற்று. ஆகவே பொய்ப் பாராட்டு எவ்வளவு மோசமோ, நிஜத் திட்டை அழிப்பதும் அவ்வளவு மோசம்.

பிறகு எப்படித்தான் படிப்பது? ஆடிட்டர் மாதிரிப் படியுங்கள். மொத்தத் தொகையை விடுங்கள், வவுச்சரைத் தேடுங்கள். ‘சூப்பர்’, ‘செம’, ‘வேஸ்ட்’ ஆகியவற்றைத் தாண்டிப் போங்கள். கடையின் முழுப் பெயரையும் கிளையின் பெயரையும் மூன்று தடவை சொல்லிப் பாராட்டுகிறவரைச் சந்தேகியுங்கள். சாப்பிட்டவன் ‘அந்தக் கடை’ என்பான். ஒரே வாரத்தில் ஐம்பது பாராட்டு வந்திருந்தால் அந்த வாரத்தைக் கழித்துவிடுங்கள். நேராக மூன்று நட்சத்திரக்காரர்களிடம் போங்கள். ‘கறி நல்லா வெந்திருந்தது, தால்சா மட்டும் புளிப்பு. மூணு மணிக்கு மேல போனா அடிச்சட்டி’ என்று ஒருவர் எழுதியிருப்பார். அவர் சாப்பிட்டிருக்கிறார். அது வவுச்சர். அதே குறையை வேறு வேறு மாதத்தில் மூன்று பேர் சொல்லியிருந்தால் நம்பலாம். கடை எத்தனை மணிக்குத் திறக்கும், வெள்ளிக்கிழமை உண்டா, மாடிப்படி ஏற வேண்டுமா போன்ற கேள்விகளுக்கு முன்பின் தெரியாதவர் சொல்வதை எடுத்துக்கொள்ளலாம். ருசிக்கு உங்கள் நாக்கைத் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. நல்ல கடையில் சாப்பிட்டால் ஏப்பம் விட்டுவிட்டு, பேசாமல் வந்துவிடுகிறோம். அந்தக் காலி இடத்தில்தான் கூலிக்கு எழுதுகிறவர் வந்து உட்காருகிறார். உங்கள் தெரு மெஸ்ஸுக்கு, வாங்கி ஐந்து வருடமாகியும் மக்கர் செய்யாத பூட்டுக்கு நாலு வரி எழுதுங்கள். என்ன வாங்கினீர்கள், எப்போது, என்ன விலை, எது சரி, எது சரியில்லை. அந்த நாலு வரி, நாகல் நகரில் அடுப்பு மூட்டும் ஒருவருக்கு மாசத்தில் நாலு நாள் வியாபாரமாக இருக்கலாம்.

தால்சா புளித்திருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். நம்புவார்கள்.