பால் பம்பும் ஐஸ் பையும்: புறக்கோட்டையில் வேலை செய்யும் தாய்க்கு எது உதவும்?

கடை, அலுவலக ஊழியர் சட்டம் தரும் பிரசவ லீவு 84 நாள். வார விடுமுறை, போயா, அரச விடுமுறை எல்லாவற்றையும் தள்ளிக் கணக்கிட்டாலும், பிள்ளைக்கு மூன்று மாதம் கடந்த கையோடு அம்மா திரும்ப வேலைக்குப் போயாக வேண்டும். கிளினிக்கிலோ ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்காதீர்கள் என்கிறார்கள். இரண்டும் சரி. ஆனால் இடையில் இரண்டரை மாதம் அளவில் ஒரு வெளி விழுகிறது. அந்த வெளியைக் கடக்கத்தான் இந்தப் பம்புகள். அவற்றைக் கடைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. கெய்சர் வீதி மொத்த வியாபாரக் கடையொன்றின் கணக்கு மேசையிலும், மாலையில் வெள்ளவத்தைக்குத் திரும்பும் 100 ஆம் இலக்க பஸ்ஸிலும் பாவித்துப் பார்த்ததை வைத்தே இதை எழுதுகிறேன்.

பாவித்தவை இரண்டு. ஒன்று, பிராவுக்குள்ளேயே பொருத்திக்கொள்ளும் பற்றரிப் பம்பு. மற்றது, கையால் அழுத்தும் சாதாரணக் கைப்பம்பு. முதலாவதன் விலைக்கு இரண்டாவதில் மூன்று நான்கு வாங்கலாம்.

பற்றரிப் பம்பைப் பற்றி முதலில். இந்த வகையில் பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறுகிறது, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: அரைக்கோள வடிவக் கிண்ணம், மேலே சின்ன மோட்டர், ரைப்-சி சார்ஜர், 24 மில்லிமீற்றர் புனல், 180 மில்லிலீற்றர் கொள்ளளவு. இரண்டு வேகம் இருக்கும். பிள்ளை மார்பில் வாய் வைத்ததும் முதலில் சுருக்சுருக்கென்று வேகமாக உறிஞ்சும். பால் சுரந்து இறங்கியதும் நிதானமாக, ஆழமாக இழுக்கும். பம்பு அதைத்தான் பின்பற்றுகிறது. நல்ல பம்புகளில் முதற்கட்டம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 இழுப்பு, அடுத்தது 60 அளவில்.

இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கிறது என்பது உண்மை. பில் எழுதலாம், தொலைபேசியில் கதைக்கலாம். மோட்டர் சத்தம் அமைதியான அறையில் கேட்கும். நாட்டாமிமாரின் கைவண்டிச் சத்தத்துக்கு நடுவே யாருக்கும் கேட்காது. ஆனால் கீழ்த் தட்டிலிருந்து ஒரு கணக்குப் புத்தகத்தை எடுக்கக் குனிந்தால் கிண்ணத்தின் மேல்வாயால் பால் கசிந்து சட்டை நனைந்துவிடும். 180 என்று எழுதியிருந்தாலும் 120ஐத் தாண்டவிடக் கூடாது. முலைக்காம்பு புனலுக்கு நேரே இருக்கிறதா என்பதும் தெரியாது, எல்லாம் உள்ளே மறைந்திருக்கிறது. கொஞ்சம் விலகியிருந்தால் வலிக்கும், பாலும் குறையும். ஒரே நேர இடைவெளியில், ஒரே பக்கத்தில், கைப்பம்பில் வந்த அளவு இதில் ஒருநாளும் வரவில்லை.

இந்த வகை முழுவதற்கும் உயிர்நாடி ஒரு சின்னச் சிலிக்கன் வால்வு. வாத்தின் அலகு மாதிரி இரண்டு உதடு சேர்ந்திருக்கும். இழுக்கும்போது மூடிக்கொள்ளும், விடும்போது திறந்து பாலைக் கீழே இறக்கும். அந்த உதடுகளுக்கிடையே பாலாடை கொஞ்சம் ஒட்டினாலோ, கழுவும்போது விரல் நகத்தால் குத்தி விரிந்தாலோ இழுவிசை விழுந்துவிடும். பம்பு பழுது, பால் வற்றிவிட்டது என்று தாய்மார் கலங்குவதில் பாதி இந்த வால்வின் வேலை. பம்பு வாங்கும்போதே இரண்டு மேலதிக வால்வு கேட்டு வாங்குங்கள். தனியாக விற்காத கடையில் பம்பையும் வாங்காதீர்கள்.

கைப்பம்பு பார்க்க எளிமையானது. புனல், பிடி, வால்வு, அடியில் போத்தல். முதலில் பிடியைச் சின்னச் சின்னதாக வேகமாக அழுத்த வேண்டும். பால் இறங்கியதும் நீளமாக அழுத்தி ஒரு கணம் பிடித்து விட வேண்டும். எவ்வளவு இழுக்கிறது என்பது நம் கையில் இருப்பதால் வலிக்கும் கட்டத்துக்கு அது போவதில்லை. சத்தம் இல்லை, சார்ஜ் இல்லை. பால் நேரே போத்தலில் இறங்குகிறது. மூடியைத் திருகினால் ஐஸ் பைக்குள் போட்டுவிடலாம். குறை என்றால் மணிக்கட்டு நோகும். நாளில் இரண்டு தரம் என்றால் தாங்கலாம், அதற்கு மேல் கஷ்டம். குறைமாதத்தில் பிறந்து விசேட பராமரிப்புப் பிரிவில் இருக்கும் பிள்ளைக்காக நாள் முழுவதும் பால் எடுக்கும் தாய்க்கு இது போதாது. அவருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்பம்புதான் வேண்டும்.

எந்தப் பம்பானாலும் புனலின் அளவு சரியாக இருக்க வேண்டும். கடையில் வருவது பெரும்பாலும் 24. நம்மில் பலருக்கு அது பெரிது. முலைக்காம்பின் குறுக்களவை ஒரு சாதாரண அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளந்து பாருங்கள். காம்போடு சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து குழாய்க்குள் இழுபட்டால் புனல் பெரிது, காம்பு பக்கங்களில் உராய்ந்தால் சிறிது. உள்ளே செருகும் சிலிக்கன் வளையங்கள் கொஞ்சப் பணத்துக்குக் கிடைக்கின்றன. பற்றரிப் பம்பில் கூட்டிக் குறைக்கும் இழுவிசை நிலைகளில் ஒன்பதாம் நிலையை நம்பாதீர்கள். கூட இழுத்தால் கூடப் பால் வராது. வலியும் பதற்றமும் பாலை இறக்கும் ஒட்சிடோசின் ஹோர்மோனைத் தடுக்கும். 1956இல் சுவீடன் பொறியியலாளர் எய்னார் எக்னெல் மருத்துவமனைப் பம்பை உருவாக்கியபோது தேடியதும் பலத்தை அல்ல, மார்பைக் காயப்படுத்தாத எல்லையைத்தான்.

பாவித்த பம்பு மலிவாக வருகிறது என்று வாங்க வேண்டாம். பல மலிவுப் பம்புகளில் பாலும் ஈரமும் மோட்டர் வரை போக வழியுண்டு. அங்கே பூஞ்சணம் பிடித்தால் கழுவ முடியாது.

பிள்ளை பிறந்த முதல் நாட்களில் பம்பே தேவையில்லை. சீம்பால் கொஞ்சமாக, பிசுபிசுப்பாக வரும். பம்பின் சுவரிலேயே ஒட்டி வீணாகும். மிட்வைஃப் காட்டித்தரும் முறையில் கையால் எடுத்துச் சின்னக் கப்பில் சேர்ப்பதே நல்லது. அந்தக் கைமுறையை எல்லோரும் பழகி வைத்திருக்க வேண்டும். பம்பை வீட்டில் மறந்துவிட்டு வந்த நாளில், மார்பு கல்லாகக் கட்டும்போது, அதுதான் காப்பாற்றும்.

சேமிப்பு பம்பைவிட முக்கியம். எடுத்த பால் 25 பாகை வெப்பத்தில் நான்கு மணித்தியாலம் தாங்கும் என்பது பொதுவான அளவு. புறக்கோட்டைக் கடையின் பின்னறை 30ஐத் தாண்டும், ஆகவே அந்த நான்கு மணித்தியாலத்தை நம்பி மேசையில் வைக்காதீர்கள். எடுத்த உடனே குளிரில் வையுங்கள். உறைந்த ஐஸ் பொதிகள் போத்தலைத் தொட்டபடி இருந்தால் காப்புப் பையில் 24 மணித்தியாலம் வரை வைக்கலாம். பொலித்தீனில் கட்டிய ஐஸ்கட்டி இதற்குச் சரிவராது, உருகிப் போத்தல் வாயைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். சிப் இறுக்கமாக மூடுகிறதா, உள்ளே வெள்ளித்தாள் தையலில் கிழிந்திருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். மாலை நெரிசலில் காலி வீதியில் பஸ் ஊரும்போதும் என் பைக்குள் ஐஸ் கெட்டியாகவே இருந்தது.

வீட்டு ஃப்ரிட்ஜில் நான்கு நாள், கதவில் அல்லாமல் உள்தட்டின் பின்பக்கத்தில். தனிக்கதவுள்ள ஃப்ரீசரில் ஆறு மாதம். ஒரே கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி என்றால் இரண்டு வாரத்தோடு நிறுத்துங்கள், அது போதிய குளிருக்குப் போகாது. 60 மில்லிலீற்றர் அளவில் பிரித்து, திகதி எழுதி, விரிய இடம் விட்டு உறைய வையுங்கள். பழையதை முதலில் எடுங்கள். ஃப்ரிட்ஜில் இளக்கியதை 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. பிள்ளை குடித்து மிச்சம் விட்டதை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சூடாக்க வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரம் போதும், மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். மேலே கொழுப்புத் தனியாகத் திரண்டு நின்றால் அம்மம்மாமார் “கெட்டுப்போச்சு பிள்ளை” என்று ஊற்றப் பார்ப்பார்கள். கெடவில்லை, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். 2022இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அப்படி மின்சாரம் போனாலும், நிறைந்த ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் விட்டால் 48 மணித்தியாலம் வரை குளிரைக் காக்கும்.

கழுவுவதுதான் வேலையிடத்தில் பெரும்பாடு. பொதுக் கழிவறைக் குழாயில் இந்தப் பாகங்களைக் கழுவக் கூடாது. பற்றரிப் பம்பில் ஐந்து பாகம், மடிப்புகள் நிறைய. கைப்பம்பில் குறைவு, இரண்டு செட் கொண்டுபோய், பாவித்ததை மூடிய பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அவித்து, காற்றில் உலர விடலாம்.

ஆகவே என் முடிவு: முழுநேர வேலைக்குத் திரும்பும், ஆரோக்கியமான பிள்ளையுள்ள தாய்க்கு கைப்பம்பு ஒன்று, சரியான அளவு புனல், மேலதிக வால்வு, நல்ல ஐஸ் பை. மேசையை விட்டு எழும்பவே முடியாத வேலை என்றால் மட்டும் பற்றரிப் பம்பு.

எழும்ப முடியாத நிலை ஏன் இருக்க வேண்டும் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. தாய்ப்பாலூட்டலுக்கான ஆதரவை அளந்த உலக மதிப்பீட்டில் 2020இல் 97 நாடுகளில் முதலிடம் பெற்றது இலங்கை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் தாய்க்கு, பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை, ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. பிள்ளைப் பராமரிப்பு நிலையம் இல்லாத இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். கெய்சர் வீதியிலும் மெயின் வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை வைத்திருக்கும் முதலாளிமாரே, உங்களுக்கு எந்தச் சட்டம் பொருந்தினாலும் சரி, களஞ்சிய அறையில் ஒரு மூலையை மறைத்து, உள்ளே பூட்டும் கதவும் ஒரு கதிரையும் போட்டு, காலையில் அரை மணித்தியாலமும் மாலையில் அரை மணித்தியாலமும் கொடுங்கள்.