ஸ்டார் டிரெக் தினத்தாள் நாள்காட்டிகள்: ஒரு மதிப்பீடு

ஸ்டார் டிரெக் தினத்தாள் நாள்காட்டிகள், அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் டிரெக்கின் ரசிகர்களுக்காக அச்சிடப்படுபவை. நாளுக்கு ஒன்று வீதம் சிறு தாள்கள் கட்டாக அடுக்கப்பட்டு, மேசைமேல் ஒரு தாங்கியில் நிற்கும். தேதிக்கு அருகில் தொடரின் காட்சிப் படமோ வசனமோ துணுக்குச் செய்தியோ புதிரோ இருக்கும். காலையில் நேற்றைய தாளைக் கிழித்தால் இன்றைய தாள் தெரியும். சனி, ஞாயிறு இரண்டுக்கும் சேர்த்து ஒரே தாள் போடுவது இவ்வகை நாள்காட்டிகளில் பரவலான வழக்கம். அந்தக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 313 தாள்கள் வரும்.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரும் கிழிக்கப்படுவதுதான். ஆனால் அதனிடம் நாம் கேள்வியோடு போகிறோம். இன்று என்ன திதி, நல்ல நேரம் எப்போது, இராகு காலம் எப்போது முடிகிறது என்று பார்க்கிறோம். ரசிகர் நாள்காட்டியிடம் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. அது தானாகவே ஏதாவது சொல்ல வேண்டும், அதுவும் 313 முறை. ஆகவே அதை மதிப்பிட ஒரு கேள்வி போதும்: இன்றைய தாள் ஏன் இன்று வந்தது? இதற்கு விடை இருந்தால் அது நல்ல தாள். நேற்றோ அடுத்த மாதமோ வந்திருந்தாலும் வேறுபாடு இல்லை என்றால், அது வெறும் இடநிரப்பி.

கோடையின் வறட்சி

முதல் ஸ்டார் டிரெக் தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று என்.பி.சி. அலைவரிசையில் தொடங்கியது. மூன்று பருவங்களில் 79 கதைகள் ஒளிபரப்பாயின. 79 கதைகளை 313 தாள்களுக்குப் பங்கிட்டால் ஒரு கதைக்கு நான்கு தாள் கிடைக்கும். இது சமாளிக்கக்கூடிய கணக்குதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

தொகுப்பவருக்குக் கிடைக்கும் எளிய கைப்பிடி, ஒரு கதை முதலில் ஒளிபரப்பான தேதி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் புதிய கதைகள் செப்டம்பரில் தொடங்கி வசந்த காலத்தில் முடிந்துவிடும். முதல் பருவம் 1967 ஏப்ரல் 13 அன்றும், இரண்டாவது 1968 மார்ச் 29 அன்றும் முடிந்தன. மூன்றாவது பருவம் 1969 மார்ச்சில் நின்றுபோய், எஞ்சிய ஒரே கதை ஜூன் 3 அன்று வெளியானது. அதாவது ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை, ஏறத்தாழ ஐந்து மாதங்களில், முதல் தொடருக்கு ஒளிபரப்பு நினைவுநாள் ஒன்றே ஒன்றுதான். ஜார்ஜ் டக்கேயின் பிறந்தநாள் ஏப்ரல் 20. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் பிறந்தநாள் ஆகஸ்ட் 19. இடையில் பெரும் வெட்டவெளி. அங்கேதான் புதிர்களும், கதைச் சூழல் இல்லாத வசனங்களும், விண்கலத்தின் அளவு விவரங்களும் வந்து குவிய வாய்ப்பு அதிகம்.

இந்த வறட்சியை நான் வேறு வடிவில் அறிவேன். பள்ளியில் கரும்பலகையில் ‘இன்றைய சிந்தனை’ எழுதும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. செப்டம்பர் 5, அக்டோபர் 2, நவம்பர் 14 போன்ற நாட்களில் எழுதுவதற்குத் தட்டுப்பாடு இருக்காது. மற்ற நாட்களில் ஒரு பொன்மொழித் தொகுப்பைத் திறந்து வரிசையாக எழுதிவிடுவேன். ஒருமுறை மறதியால் ஒரே வரி நான்கு நாட்கள் அழிக்கப்படாமல் நின்றது. பிள்ளைகளும் கேட்கவில்லை, ஆசிரியர்களும் கேட்கவில்லை.

வரிசையில்லாத காலம்

இந்தத் தொடரை நாள்காட்டியில் அடைப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் காலக்கணக்கே நாள்காட்டிக்கு எதிரானது. கதை எந்த நூற்றாண்டில் நடக்கிறது என்பதைத் திட்டமாகச் சொல்லாதிருக்க, ‘ஸ்டார்டேட்’ எனும் விண்தேதியைப் படைத்தார்கள். கதையாசிரியர்கள் ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒளிபரப்பான ‘தி மேன் டிராப்’ கதையின் விண்தேதி 1513. இரண்டு வாரம் கழித்து வந்த கதையின் விண்தேதியோ 1312! பின்னர், 1993இல், மைக்கேல் ஒக்குடாவும் டெனிஸ் ஒக்குடாவும் வெளியிட்ட கால அட்டவணை நூல், முதல் தொடரின் நிகழ்வுகள் ஒளிபரப்புக்குச் சரியாக 300 ஆண்டுகள் பிந்தியவை என்று கொண்டு ஒழுங்கு செய்தது. ஆண்டுகள் கிடைத்தன. நாட்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

கிடைத்த சில நாட்கள் அருமையானவை. மார்ச் 22 வில்லியம் ஷாட்னரின் பிறந்தநாள். அவர் நடித்த கேப்டன் கிர்க்கின் பிறந்தநாளாகவும் ரசிகர்கள் அதையே கொண்டாடுகிறார்கள். அயோவா மாநிலத்தின் ரிவர்சைடு என்ற சிற்றூர், தன்னைக் கிர்க்கின் வருங்காலப் பிறப்பிடம் என்று கல் வைத்து அறிவித்துக்கொண்டது. நான்கு நாள் கழித்து, மார்ச் 26, ஸ்பாக் பாத்திரத்தில் நடித்த லெனார்டு நிமோய் பிறந்த நாள். இருவரும் 1931இல் பிறந்தவர்கள்.

இவற்றைவிடச் சிறந்தது ஏப்ரல் 5. மனிதர் முதன்முதலாக வேற்றுலகத்தாரைச் சந்திக்கும் நாள் 2063 ஏப்ரல் 5 என்று 1996இல் வந்த ‘ஃபர்ஸ்ட் காண்டாக்ட்’ திரைப்படம் சொல்கிறது. இடம் மொன்டானா மாநிலத்தின் போஸ்மன். இன்னும் வராத ஒரு நாளின் நினைவுநாளை இன்றே மேசையில் வைக்கிறது அந்தத் தாள். வேறு எந்த நாள்காட்டிக்கும் எளிதில் வாய்க்காத செயல் இது. சுவர்க் காலண்டர் நாளை நடக்கப்போகும் திருவிழாவைச் சொல்லும். இதுவோ நம் பேரப்பிள்ளைகள் காணக்கூடிய ஒரு நாளைச் சொல்கிறது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1995 ஜனவரியில் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் இரண்டு பகுதிகளாக வந்த ‘பாஸ்ட் டென்ஸ்’ கதை, 2024 செப்டம்பர் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் ஒரு கலவரத்தைக் காட்டுகிறது. வேலையும் வீடும் இல்லாதவர்களை மதிலுக்குள் அடைத்துவைத்த பகுதியில் அது வெடிக்கிறது. அந்தத் தேதி இப்போது கடந்துவிட்டது. அந்த மதில் எழவில்லை. ஆனால் அந்த நகரத்தின் நடைபாதைகளில் வீடற்றவர்கள் இருக்கிறார்கள். செப்டம்பர் முதல் வாரத் தாள் இதை நாலு வரியில் சொன்னால், தொடர் எதற்காக எழுதப்பட்டதோ அந்த வேலையைச் செய்ததாகும். விண்கலத்தின் நீளத்தைக் கேட்கும் புதிர் அந்த இடத்தில் வந்தால், நல்ல தாள் ஒன்று வீண்.

படம் போதாது

ஸ்டார் டிரெக்கின் நல்ல கதைகள் ஒவ்வொன்றும் ஒரு வழக்காடல். 1969 ஜனவரி 10 அன்று வந்த கதையில் இருவர் வருகிறார்கள். ஒருவருக்கு முகத்தின் வலப்பாதி கறுப்பு, இடப்பாதி வெள்ளை. மற்றவருக்கு அது இடம் மாறியிருக்கிறது. இந்த வேறுபாட்டுக்காக ஓர் உலகமே அழிந்துபோனது. பார்ப்பவர்களுக்கோ வேறுபாடே முதலில் தெரிவதில்லை. அந்த முகங்களின் படத்தை மட்டும் தாளில் அச்சிட்டால் எஞ்சுவது ஒப்பனை ஒன்றுதான். கதையைப் பார்த்திராத மகளோ மருமகனோ அந்தத் தாளைக் கண்டு சிரித்துவிட்டுப் போவார்கள். ரசிகர் மட்டும் நினைவிலிருந்து மீதியை நிரப்பிக்கொள்வார். தாள் செய்ய வேண்டிய வேலையை அவர் செய்கிறார், அதற்குக் காசும் கொடுத்திருக்கிறார்.

ஆப்ரம்ஸ் பதிப்பகம் 2010இல் வெளியிட்ட ‘ஸ்டார் டிரெக் 365’ என்ற தடித்த நூல் இதே எண்ணிக்கையைத் தலைப்பில் தாங்கியது. ஆனால் அது கிழிக்கும் தாள் அல்ல, கட்டிய புத்தகம். முன்னும் பின்னும் புரட்டலாம். தினத்தாளுக்கு அந்த வசதி இல்லை. தாள் தனித்து நின்று பேசியாக வேண்டும்.

இந்த நாள்காட்டிகள் ஜனவரி பிறந்ததும் விலை குறைந்து கிடக்கும். ஆயினும் பழையது முற்றிலும் வீணல்ல. 2017க்கு அச்சானது 2023க்கு நாள் மாறாமல் பொருந்தும். இரண்டு ஆண்டுகளும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கின. பத்திரப்படுத்தி வைத்தவர் மறுபடியும் மேசையில் வைத்து, இம்முறை கிழிக்காமல் திருப்பிக்கொண்டே வரலாம். அப்படி வருபவர் டிசம்பர் 28இல் உஹூராவாக நடித்த நிக்கெல் நிக்கோல்ஸின் பிறந்தநாளை அடைவார். தொடரை விட்டு விலக எண்ணியிருந்தவரை மார்ட்டின் லூதர் கிங் தடுத்து நிறுத்தினார். பின்னர் 1970களில், பெண்களும் கறுப்பினத்தவரும் விண்வெளி வீரராக விண்ணப்பிக்கும்படி நாசாவுக்காக ஊர் ஊராகப் பேசினார். 2017இல் அந்த நாளில் அவருக்கு 85 வயது நிறைந்தது. 2022 ஜூலை 30 அன்று காலமானார். 2023இல் அந்தத் தாளைத் திருப்பப் போகும் கை சற்று நிற்கும்.