காதியாரின் முன் நமது தமிழ்

"நல்ல லோயர் ஒருத்தர் இருந்தாச் சொல்லுங்க சேர்." கணவனோடு வாழ முடியாமல் போன பெண்ணின் வீட்டார் என்னிடம் வந்தால் பேச்சு இப்படித்தான் தொடங்கும். நான் தமிழ் படிப்பிக்கிறவன். ஆனாலும் ஊரில் மனு எழுதத் தெரிந்தவன் என்றொரு பெயர் ஒட்டிக்கொண்டு விட்டது. நான் சொல்லும் பதில் அவர்களுக்கு ஏமாற்றத்தையே தரும். முஸ்லிம் தம்பதியரின் விவாகரத்து 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றத்துக்குப் போகிறது. அச்சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி காதியாரின் விசாரணையில் எந்தத் தரப்புக்காகவும் சட்டத்தரணி தோன்ற முடியாது. எத்தனை பெரிய லோயரைப் பிடித்தாலும் அவர் வாசலுக்கு வெளியேதான். உள்ளே அவள் தன் வாயால் பேச வேண்டும்.

பேசுவதற்கு அவளுக்கு நாம் என்ன சொற்களைக் கொடுத்திருக்கிறோம்? சட்டத்தைத் திருத்துவது பற்றி இந்த நாட்டில் நிறையவே எழுதியாயிற்று. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையைக் கையளித்தது 2018இல். அந்த வாதப் பிரதிவாதத்துக்குள் நான் போகவில்லை. என் கேள்வி நமது எழுத்தைப் பற்றியது.

சட்டத்தரணிக்குக் கதவை மூடியதில் ஒரு நியாயமும் இருக்கிறது என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். காசுள்ளவன் கொழும்பிலிருந்து ஆள் கொண்டுவருவான், காசில்லாதவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். செலவில்லாமல், வீட்டுச் சங்கதி சந்திக்கு வராமல் முடிய வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் வாதாட ஆள் வேண்டாம் என்று சொல்லும் சமூகம், வாதாடும் வார்த்தையையாவது கொடுத்திருக்க வேண்டும். அதைக் கொடுக்கும் இடங்கள் இரண்டுதான்: ஒன்று பள்ளிக்கூடம், மற்றது இலக்கியம். நான் இரண்டிலும் நிற்கிறவன்.

நமது சஞ்சிகைகளில் தலாக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. நானும் இரண்டு எழுதியிருக்கிறேன். அவற்றின் அச்சு ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து வந்த கணவன், அல்லது மாமியின் சொல்லைக் கேட்கும் கணவன், கோபத்தில் மூன்று தடவை அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவான். அடுப்பில் சோறு கருகும். பள்ளியில் பாங்கு கேட்கும். அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுவாள். கதை முடிந்துவிடும். அந்த இடத்தில் வாழ்க்கை முடிவதில்லையே, வழக்கு அங்கேதானே தொடங்குகிறது என்று எழுதிய எனக்கும் தோன்றவில்லை, பிரசுரித்தவருக்கும் தோன்றவில்லை.

சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை எடுத்துப் படித்துப் பாருங்கள். தலாக் சொல்ல நினைக்கும் கணவன், மனைவி வசிக்கும் பகுதியின் காதியாருக்கு முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதன் பிறகு முப்பது நாள். அந்த நாட்களில் உறவினர், பெரியவர்கள், ஊரில் செல்வாக்குள்ள முஸ்லிம்கள் ஆகியோரின் உதவியோடு காதியார் இருவரையும் இணக்கப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் மனம் மாறாவிட்டால்தான் காதியாருக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் தலாக். அந்த முப்பது நாளில் யார் யார் வீட்டுக்கு வருவார்கள், எந்த மாமா எந்தப் பக்கம் சாய்வார், 'செல்வாக்குள்ளவர்' என்று யாரைக் கூப்பிடுவார்கள், தேநீர்க் கோப்பையோடு நிற்கும் அவளை ஒருவராவது இருக்கச் சொல்வாரா? ஒரு நாவலுக்குப் போதுமான சரக்கு. நான் வாசித்த கதைகளில் அது இல்லை. இதில் ஒரு வேடிக்கை, இலங்கையின் முதல் தமிழ் நாவல் எனப்படும் 'அஸன்பேயுடைய கதை'யை 1885இல் தந்த சித்திலெப்பை கண்டியில் தொழில் செய்த ஒரு புரொக்டர். நீதிமன்றம் ஏறியவரிடம் பிறந்த நமது புனைகதை, காதி மன்றத்தின் படியை ஏறக் கூச்சப்படுகிறது.

மனைவி கேட்கும் பஸஹ் இதைவிடக் கடினமான பாதை. கணவன் தலாக்குக்குக் காரணம் நிரூபிக்கத் தேவையில்லை. மனைவியோ கொடுமையை, அல்லது தன் மத்ஹபின்படி 'குற்றம்' என்று கொள்ளப்படும் செயலை நிரூபிக்க வேண்டும். மூன்று அசெஸர்மார் இருப்பார்கள், சாட்சி வேண்டும். காதியாராக நியமிக்கப்படுபவர் முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, நாலைந்து ஆண்களுக்கு நடுவில் ஒருத்தி தன் படுக்கையறைச் சங்கதியைச் சொல்ல வேண்டும். கண்ணீர் அங்கே சாட்சியாகாது.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமையானதல்ல. என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த பிள்ளையொன்று, கைக்குழந்தையோடு வந்து, "தாபரிப்புக் கேட்டும் பஸஹ் கேட்டும் மனு எழுதித் தாங்க சேர்" என்றாள். இரவிரவாக இருந்து எழுதினேன். இப்போது அதன் பிரதியைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. 'ஆறாத் துயரில் ஆழ்த்தப்பட்டு', 'நெடுநாளாகப் பராமரிப்பின்றி', 'சொல்லொணா இன்னல்களுக்கு ஆளாகி'... பட்டப்படிப்பில் படித்த தமிழெல்லாம் அதில் இருந்தது. காதியார் கேட்டது இரண்டே கேள்வி. எந்த மாதத்திலிருந்து செலவு தரவில்லை? பிள்ளைக்கு மாதம் எவ்வளவு தேவை? மனுவில் பதில் இல்லை. பயத்தில் அவள் வாயிலும் வரவில்லை. நான் வெளி விறாந்தையில் நின்றிருந்தேன். வழக்கு வேறு தவணைக்குப் போனது.

திரும்பி வரும்போது அவள் சொன்னாள்: "சேர், நான் ஒங்களுக்கிட்டச் சொன்னத அப்படியே எழுதியிருந்தாக் காணும்." அவள் என்னிடம் சொன்னது இது: "நோன்புப் பெருநாளுக்கு முந்தின மாசம் அஞ்சாயிரம் தந்தாரு. அதுக்குப் பொறகு ஒண்டும் இல்ல. பால்மாக் கடன் கடைக் கொப்பியில இரிக்கி. அடிச்சண்டைக்கு மறுநாள் ஆசுபத்திரிக்குப் போன துண்டு உம்மாட அலுமாரிக்குள்ள." திகதி, தொகை, ஆவணம், சாட்சி எல்லாம் அந்த நாலு வரியில் இருக்கிறது. அவற்றை 'நெடுநாளாக' என்ற ஒரு சொல்லால் அழித்தவன் நான். பேச்சுத் தமிழ் கொச்சை, எழுத்துத் தமிழ் கண்ணியம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதன் விலையை அன்று அவள் கட்டினாள்.

சொற்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பலருடைய சந்தேகங்கள் சொற்களில்தான் முடிச்சிட்டுக் கிடக்கின்றன. 'விவாகரத்து' என்பதில் பாதி வடமொழி, மறுபாதி அரபியிலிருந்து வந்த 'ரத்து'. அந்த ஒரே சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் போட்டு விடுகிறோம். தலாக் என்பதன் வேரில் கட்டவிழ்த்து விடுதல் இருக்கிறது, அது கணவன் செய்வது. பஸஹ், ஒப்பந்தத்தைக் கலைத்தல், அது மனைவியின் முறையீட்டில் தீர்ப்பாக வருவது. குல்உ, ஆடையைக் களைவதுபோல் களைதல், மனைவி ஈடு கொடுத்து விடுதலை கேட்பது. இவற்றில் எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் "டிவோர்ஸ் வேணும்" என்று போய் நிற்கிறவர்கள்தான் அதிகம். கணவன் வீட்டார், "நீங்களே கேட்டா மஹரைத் திருப்பித் தரணும்" என்று பயங்காட்டினால் அதையும் நம்பி விடுகிறார்கள். அது குல்உவின் சங்கதி. கொடுமையை நிரூபித்துப் பஸஹ் கேட்பவளிடம் போய் அதைச் சொல்லக்கூடாது.

இன்னொரு சொல் கைக்கூலி. மேடையிலும் பத்திரிகையிலும் 'அந்நியரின் கைக்கூலிகள்' என்று ஏசப் பயன்படும் அதே சொல். சட்டத்தில் அதற்குத் தெளிவான பொருள் உண்டு: மணமகளின் பயனுக்காக மணமகனிடம் கொடுத்த, அல்லது கொடுப்பதாக வாக்களித்த பணம் அல்லது அசையும் பொருள். அதை விவாகப் பதிவில் எழுத வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் சபையில் அந்தச் சொல் வாயில் வர வெட்கம். "அதெல்லாம் எழுதத் தேவயில்ல, நாங்க ஒரு குடும்பம்" என்று வாப்பாவும் காக்காவும் பெருந்தன்மை காட்டுவார்கள். பிரிந்த பிறகு "சீதனத்தத் தாங்க" என்று கேட்பார்கள். கிழக்கில் சீதனம் என்றால் முதலில் வீடு. அது அசையாச் சொத்து, கைக்கூலியின் வரைவிலக்கணத்துக்குள் அடங்காது. ஒரு சொல்லைச் சொல்ல வெட்கப்பட்டதால் பணமும் நகையும் பதிவில்லாமல் போகின்றன. சொல்லாராய்ச்சிக் கட்டுரைகள் எழுதும் நமது தமிழாசிரியர்கள் இதையும் கொஞ்சம் ஆராயலாம்.

நமக்கு முன்மாதிரி இல்லையா? தனக்காகத் தானே வாதாடிய ஒரு பெண்ணின் பெயரால் ஒரு சூறாவே இருக்கிறது. அல்முஜாதலா, தர்க்கித்தவள். கவ்லா பின்த் ஸஃலபா (ரழி) அவர்கள் கணவர் சொன்ன சொல்லைப் பற்றி நபியவர்களிடம் முறையிட்டு விவாதித்தார்கள். ஸாபித் பின் கைஸ் (ரழி) அவர்களின் மனைவி, கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ குறை இல்லையென்றே சொன்னார்கள், ஆனாலும் வாழ இயலாது என்றார்கள். தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிரிந்தார்கள். பரீரா (ரழி) அவர்களோ, நபியவர்கள் கணவருக்காகப் பேசியபோது, இது கட்டளையா என்று கேட்டார்கள். பரிந்துரைதான் என்று தெரிந்ததும் மறுத்துவிட்டார்கள். இந்த மூன்று சம்பவங்களையும் ஒரு கதாசிரியனின் கண்ணோடு பாருங்கள். அழுகை பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டதல்ல. பரீராவின் பின்னால் மதீனாத் தெருக்களில் அழுதுகொண்டு திரிந்தவர் கணவர் முகீத். பெண்ணின் பங்கு கேள்வி கேட்பது, தேவையைச் சுருக்கமாகச் சொல்வது. மீலாத் மேடைகளில் வருடா வருடம் சொல்லப்படும் இந்தச் சம்பவங்கள் நமது சிறுகதைக்குள் இறங்காமல் போனது எப்படி என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்படியானால் லோயர் வேண்டவே வேண்டாமா? வேண்டும், இடமறிந்து. காதியாரின் தீர்ப்பில் குறை இருந்தால் காதிமார் சபைக்கு மேன்முறையீடு, அதற்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம். அந்தப் பாதையில் சட்டம் தெரிந்தவரின் ஆலோசனை இல்லாமல் போகக்கூடாது. கெடு நாட்கணக்கில் எண்ணப்படும், ஆகவே தீர்ப்பின் பிரதியைக் கையில் எடுத்த அன்றே போய்ப் பார்க்க வேண்டும். வீடு, காணிப் பிணக்கு என்றால் மாவட்ட நீதிமன்றம். அடி உதை என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது முஸ்லிம் பெண்ணுக்கும் உரியது. தாபரிப்புக் கட்டளையைக் கணவன் மதிக்காவிட்டால் காதியார் அதை அறவிட நீதவானுக்கே அனுப்புவார். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆளைத் தெரிவு செய்வதில் என் அளவுகோல் சின்னது. கட்டணத்தைச் சொல்வதற்கு முன் கடதாசிகளைக் காட்டச் சொல்கிறாரா? முஸ்லிம் விவாகச் சட்டத்தை உண்மையில் புரட்டியிருக்கிறாரா, அல்லது பொதுச்சட்ட விவாகரத்து ஞாபகத்தில் பேசுகிறாரா? தன்னால் காதியாருக்கு முன்னால் வர முடியாது என்பதைத் தானாகவே சொல்கிறாரா? கடைசிக் கேள்விக்கு மழுப்புகிறவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளையின் இரண்டாவது மனுவை அவளே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. பெருநாளை வைத்துத் திகதியைக் கணக்கிட்டோம், கடைக் கொப்பியைப் பிரதி எடுத்தோம், ஆஸ்பத்திரித் துண்டை இணைத்தோம். 'இன்னல்' என்ற சொல்லை ஓரிடத்தில் நுழைக்கப் பார்த்தேன். "அது வேணாம் சேர்" என்றாள். தாபரிப்புக்குக் கட்டளை கிடைத்தது. நகைக் கணக்கு பதிவில் இல்லாததால் அது இன்னும் இழுபடுகிறது. அடுத்த தவணைக்கு, கலியாணத்தன்று பணத்தை எண்ணிக் கொடுத்த பெரிய மாமா சாட்சிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.