பதினாறுக்கு ஒன்று

துப்பாக்கி சுடுவதைக் கலையென்று சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை. ஆனால் கடையில் பெட்டி பெட்டியாகத் தோட்டா வாங்கிச் சுட்டுத் தீர்ப்பவரையும், அமெரிக்காவின் மேற்கு மாகாணங்களில் தம் வீட்டுக் கொட்டகையிலே காரீயத்தை உருக்கி, அச்சில் வார்த்து, மெழுகிட்டு, பழைய பித்தளைக் கூடுகளில் தாமே பொருத்திக்கொண்டு, அதன் பிறகே மைதானத்துக்குப் புறப்படுகிறவரையும் ஒரே வரிசையில் உட்கார வைப்பது நியாயமாகாது. முன்னவர் வேடிக்கைப் பிரியர். பின்னவரிடம் கன்னாருக்குரிய நிதானம் இருக்கிறது.

இந்தக் கைவேலைக்கு மூலபுருஷர் என்று ஒருவரைச் சொல்லலாமானால், அவர் எல்மர் கீத். 1899-இல் மிசௌரி மாகாணத்தில் பிறந்து, ஐடஹோ மலைநாட்டில் மாடு மேய்த்தும் வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியும் வயிறு வளர்த்து, பெரிய தொப்பியும் வாயில் சுருட்டுமாகச் சாமன் என்ற சிற்றூரில் நெடுங்காலம் வாழ்ந்து, 1984-இல் காலமான அந்த மனிதருக்கு அபிப்பிராயங்கள் ஏராளம். அவற்றை அடக்கிச் சொல்லும் வழக்கம் கிடையாது. 1920-களில், அளவுக்கு மீறி மருந்திட்ட அவருடைய .45 கோல்ட் ரிவால்வரின் உருளை வெடித்தது. அதே சட்டத்துக்குள் அடங்கும் .44 ஸ்பெஷல் ரிவால்வரின் உருளையில், துவாரம் சிறியதாகையால் சுவர் கனமாக நிற்கிறது என்பதை உணர்ந்து, அவர் அதன் பக்கம் திரும்பினார். திரும்பியவர், அதற்கென்றே ஒரு குண்டை வரைந்து கொடுத்தார். லைமன் கம்பெனியின் 429421-ஆம் எண் அச்சு அதுதான்.

அந்தக் குண்டின் அங்கலட்சணம் கவனிக்கத் தக்கது. எடை ஏறக்குறைய 250 கிரெயின், அதாவது பதினாறு கிராமுக்குச் சற்று மேல், குறுக்களவு 0.429 அங்குலம். மூக்கு கூர்மையின்றித் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். மூக்கு முடிந்து உடல் தொடங்கும் இடத்தில் ஒரு தோள் செங்கோணமாக நிற்கும். உடலைச் சுற்றி மூன்று அகலமான பட்டைகள். கீழிரண்டு பட்டைகளுக்கு நடுவே மெழுகு தங்குவதற்குச் சதுரமான ஓர் ஆழ்ந்த பள்ளம். அதற்கு மேலே, கூட்டின் விளிம்பை மடித்துப் பிடிப்பதற்குச் சாய்வான இன்னொரு பள்ளம். கூட்டுக்கு வெளியே நீட்டி நிற்கும் முன்பட்டை, குண்டு புறப்படுமுன்பே அதைக் குழலுக்கு நேராகப் பிடித்துக் கொடுக்கிறது. தோள், காகித இலக்கில் ஓரம் பிசிறாத வட்டத் துவாரத்தை வெட்டுகிறது. பிற்காலத்தில் வார்ப்புக்குச் சௌகரியமென்று மெழுகுப் பள்ளத்தை வளைவாக்கிவிட்டார்கள் என்று கீத் கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டிருந்தார். பிடிவாதம்தான், ஆனால் தம் படைப்பின் ஒரு மூலையைக்கூட விட்டுக்கொடுக்காத பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

உலோகத்துக்கு அவர் சொன்ன சூத்திரம் எளியது: காரீயம் பதினாறு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு. காரீயம் 327 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் உருகும். வெள்ளீயம் சேர்ந்தால்தான் அது அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடிப் பாய்ந்து, பட்டைகளின் விளிம்பைத் தெளிவாக வாங்கும். வாங்குவதற்கு வசதியில்லாதவர்கள் மோட்டார் வண்டிச் சக்கரங்களில் மாட்டும் ஈயத் துண்டுகளைப் பொறுக்கி உருக்கினார்கள். பத்திரிகைகள் லைனோடைப் இயந்திரங்களைக் கைவிட்ட காலத்தில், நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஆன்டிமனி கலந்த அச்செழுத்து உலோகமும் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. நேற்றைய தலையங்கம் இன்றைய குண்டாயிற்று. தலையங்கத்துக்கு அவ்வளவு துல்லியம் என்றுமே வாய்த்ததில்லை என்று ஒரு பழைய பத்திரிகைக்காரர் சொன்னால் மறுப்பதற்கில்லை.

வார்க்கும் காட்சியைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். கொதிக்கும் ஈயத்தின்மேல் ஒரு துண்டு மெழுகைப் போட்டுக் கிளறினால், அது புகைந்து எரிந்து, அழுக்கெல்லாம் கறுத்த பொடியாக மேலே ஒதுங்கும். அதை வழித்தெடுத்ததும் உலோகம் பளிச்சென்று முகம் காட்டும். கரண்டியின் மூக்கை அச்சின் வாயில் வைத்துச் சாய்க்க, குழி நிறைந்து, மேல்தகட்டில் மிச்ச ஈயம் சிறு குளமாகத் தேங்கும். கண் அந்தக் குளத்தின்மேல்தான் இருக்க வேண்டும். சில விநாடி மின்னிக்கொண்டிருக்கும். பிறகு நடுவில் லேசாகக் குழிந்து, சட்டென்று ஒரு மங்கல் பரவும். இன்னும் சற்றுப் பொறுத்து, மரக்கட்டையால் தகட்டைத் தட்டினால் வால் அறுபடும். பிடியை விரித்துக் கீலில் ஒரு தட்டுத் தட்டினால், மடித்துப் போட்ட துணியின்மேல் குண்டு பொத்தென்று விழும். அச்சு சூடேறாதபோது வருகிறவை, காயாத கல்லில் வார்த்த முதல் தோசையைப் போலத்தான்: சுருங்கி, மடிந்து, மறுபடி சட்டிக்கே போகத் தக்கவை. சூடு மிஞ்சினால் மேனி பனி படர்ந்தாற்போல் வெளுக்கும்; புதியவர்கள் அதைக் கண்டு கலங்குவார்கள், கலங்க வேண்டியதில்லை. தேர்ந்தவர் குண்டைக் கையிலெடுத்தால் முதலில் கவிழ்த்து அடிப்பாகத்தைத்தான் பார்ப்பார். மூக்கில் ஒரு வடு இருந்தாலும் குண்டு நேராகப் போகும். அடிவிளிம்பு மழுங்கினால் குழலை விட்டு நீங்கும் கணத்திலேயே வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டு அதன் கதியைக் குலைத்துவிடும்.

இத்துறையில் கடினத்தின்மீது ஒரு மோகம் நிலவுகிறது. குண்டு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லதென்று பலரும் நம்புகிறார்கள். என் கட்சி வேறு: பொருத்தமே பிரதானம், கடினம் அதற்குப் பின்னால்தான். உருளையின் வாயைவிடக் குண்டு ஒரு மயிரிழை சிறுத்திருந்தாலும், சுட்ட வாயு அதன் விலாவை அரித்து உருக்கி, குழலெல்லாம் ஈயத்தைப் பூசிவிடும். அப்புறம் செம்புத் தூரிகையோடு மாலைப்பொழுது முழுவதும் போகும். ஆகவே விவரமறிந்தவர்கள் மெல்லிய ஈயத்துண்டை ஒவ்வொரு வாயிலும் தட்டி நுழைத்து, அளவெடுத்த பிறகே குண்டின் அளவை நிர்ணயிப்பார்கள். ஆறு வாயும் ஒரே அளவாக இருக்கும் ரிவால்வர் கிடைத்துவிட்டால், அதை விற்கச் சொல்லும் சிநேகிதரின் பேச்சைக் கேட்கக் கூடாது. கீத் பல்லாண்டு வற்புறுத்தியதன் பலனாக, 1955-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்மித் அண்டு வெஸன் ரிவால்வரும் ரெமிங்டன் தோட்டாவுமாக .44 மாக்னம் பிறந்தபோது, ஆலையிலிருந்து வந்த குண்டு, அடியில் செம்புக் கிண்ணம் பொருத்தியிருந்தும், மிருதுவாக இருந்து குழலில் ஈயம் ஒட்டச் செய்தது. கீத் கொட்டகையில் வார்த்ததோ சுத்தமாகச் சுட்டது.

சுடும்போது கிடைக்கும் அனுபவத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். குதிரையைக் கட்டைவிரலால் இழுத்து, விசையை அழுத்த, ரிவால்வர் உள்ளங்கையில் உருண்டு எழும். தேன்மெழுகு தீய்ந்த மணத்தோடு மெல்லிய வெண்புகை ஒன்று நிற்கும். இலக்கில் அந்த வட்டத் துவாரம் தெரியும். அறுநூறு கஜ தூரத்தில், காயம்பட்ட மான் ஒன்றை இவ்வகைத் துப்பாக்கியால் வீழ்த்தியதாகக் கீத் எழுதியதை நம்பியவரும் உண்டு, நகைத்தவரும் உண்டு. நூறு கஜத்தில் ஒரு பாறைத் துண்டை நல்ல கை ஒன்று திரும்பத் திரும்பத் தொடுவதைப் பார்த்தவர்கள் நகைப்பைச் சற்றே குறைத்துக்கொள்வார்கள்.

அபாயங்களையும் சொல்லத்தான் வேண்டும். உருகிய ஈயத்துள் ஒரு சொட்டு நீர் அகப்பட்டால் சட்டி வெடித்துச் சிதறும். கைகழுவாமல் சாப்பிட உட்காருகிறவர் ஈயத்தையும் சேர்த்தே உண்கிறார். குண்டடிபட்ட மிருகங்களின் சடலத்தைத் தின்று காண்டார் கழுகுகள் ஈய விஷத்தால் மடிவதைக் கண்டு, கலிபோர்னியா மாகாணம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக்குண்டை அறவே விலக்கியிருக்கிறது. அந்தச் சட்டம் சரியென்றே எண்ணுகிறேன். காகித இலக்குக்குக் கழுகு வருவதில்லை. மாக்னத்தின் இடிமுழக்கத்தில் எனக்குப் பெரிய மதிப்புமில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்று யாராவது சொன்னால், மிதமான மருந்தும், பதினாறுக்கு ஒன்று கலந்த கீத் குண்டும், பழைய .44 ஸ்பெஷலுமே போதுமென்பேன்.