தொப்புள் உயரம் போதுமா?

ஒற்றைச் சக்கர சைக்கிள் பழக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தரப்படும் விதி இது: வண்டியை நிமிர்த்திப் பக்கத்தில் நிறுத்து, சீட் உன் தொப்புளுக்கு நேராக வரட்டும். அளவுநாடா வேண்டாம், கணக்கும் வேண்டாம். ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் ஒற்றைச் சக்கர சைக்கிள் பழகிப்போன விளையாட்டு. பிள்ளைகள் வண்டியை மாற்றி மாற்றி எடுத்து ஓட்டும் அப்படிப்பட்ட இடங்களில், ஒரு பார்வையில் சரிபார்க்க முடிகிற விதிக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் அந்த விதி அளப்பது தரைக்கும் சீட்டுக்கும் உள்ள உயரத்தை. ஓட்டுகிறவரின் காலுக்கு அதனால் ஆவதொன்றும் இல்லை. சீட்டிலிருந்து, அடியில் இறங்கி நிற்கும் பெடல்வரை எவ்வளவு தூரம் என்பதே அதற்கு முக்கியம்.

ஒருவருக்கு அந்தத் தூரம் 85 செ.மீ. தேவை என்று வைத்துக்கொள்வோம். 20 அங்குலச் சக்கரமும் 125 மி.மீ. கிராங்கும் (பெடலைச் சக்கர அச்சோடு இணைக்கும் தண்டு) உள்ள வண்டியில் சீட் தரையிலிருந்து ஏறக்குறைய 98 செ.மீ. உயரத்தில் இருக்கும். நடுத்தர உயரமுள்ளவரின் தொப்புள் கிட்டத்தட்ட அங்கேதான், விதி பலித்துவிடுகிறது. அவரே 36 அங்குலச் சக்கரமும் 150 மி.மீ. கிராங்கும் கொண்ட வண்டிக்கு மாறினால் சீட் சுமார் 116 செ.மீ.க்கு ஏற வேண்டும். தொப்புள்தான் அளவென்று 98-லேயே நிறுத்தினால் காலுக்குக் கிடைக்கும் நீளத்தில் 18 செ.மீ. போய்விடும். முழங்கால் மடங்கியபடியே மிதித்துத் தொடை எரியும். பிரிட்டனின் எட் பிராட் 2015 முதல் 2018 வரை உலகைச் சுற்றிவந்தது 36 அங்குல வண்டியில்தான். நெடும்பயணத்துக்கென்றே உள்ள இந்த வகையில்தான் தொப்புள் விதி அதிகமாகத் தவறுகிறது.

இதைவிட நம்பகமானது குதிகால் சோதனை. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, அடியில் இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும். சக்கரம், கிராங்க், ஷூ அடியின் கனம், சீட் அமுங்கும் அளவு எல்லாமே இந்த ஒரே சோதனையில் அடங்கிவிடுகின்றன. கிராங்கை 150 மி.மீ.யிலிருந்து 125-க்கு மாற்றினால் சீட்டையும் 25 மி.மீ. உயர்த்த வேண்டும், தொப்புளைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

குதிகால் சோதனையிலும் ஓட்டை உண்டு. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து எட்டிவிட்டால் அது பொய்க் கணக்கு காட்டும். வழக்கமான ஒற்றைச் சக்கர வண்டியில் பெடலும் சக்கரமும் ஒன்றாகவே சுழல்கின்றன, காலுக்கு ஓய்வு கிடையாது. சீட் கொஞ்சம் உயர்ந்துபோனாலும் ஒவ்வொரு சுற்றிலும் இடுப்பு ஆடி, வண்டி பாம்பாக நெளியும். தவிர, அந்தச் சோதனை சாலைக்கு ஏற்றது. கனடாவின் கிரிஸ் ஹோம் போன்றவர்கள் வளர்த்தெடுத்த மலைச் சவாரியில், குலுக்கலை முழங்கால் தாங்குவதற்காகச் சீட்டைச் சற்று இறக்குகிறார்கள். தடைகளின் மீது தாவும் டிரையல்ஸில் சீட் இன்னும் தாழ்கிறது. தாவும்போது வண்டியை மேலே இழுக்க இடம் வேண்டுமே.

பயத்தில் பழகுநரின் சீட்டைத் தாழ்த்திவிடும் வழக்கத்தைத்தான் ஏற்க முடியவில்லை. உடல் எடை சீட்டில் உட்கார வேண்டும். தாழ்ந்த சீட்டில் அது பெடலுக்கு இறங்கி, கால் சீக்கிரம் சோர்ந்து, சமநிலையும் கைகூடாமல் போகிறது. பழக்கிவிடுகிறவர்கள் தொப்புளைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளட்டும். ஆனால் வண்டியைக் கையில் கொடுக்கும் முன் ஒருமுறை குதிகாலைப் பெடலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சீட் குழாயில் பொறித்திருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டி மட்டும் உயர்த்தாதீர்கள்.